கிடார் தலையில் ஆறு புள்ளி

கிட்வாய் நகர்,
புது தில்லி,
15-2-1981, ஞாயிறு

சிரஞ்சீவி சேஷனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா, நான், வைதேஹி மூன்று பேரும் சௌக்கியம், உன் கிடாரும் பரம சௌக்கியம். ஹாம்பர்க் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கிடாரை அம்மா எதற்குச் சௌக்கியத்தில் சேர்த்தாள் என்று யோசிப்பாய். சொல்கிறேன், ஆனால் கடைசி வரி வரை படிக்காமல் கோபப்படாதே. உன்னைக் கேட்காமல் அதன் தலையில் ஆறு ஓட்டை போட்டுவிட்டேன். கடைக்காரன் இல்லை, தச்சன் இல்லை, நானேதான்!

நீ ராஜாராமனிடம் கொடுத்தனுப்பிய ஆறு பிரடையும் ஒன்றாந்தேதி பத்திரமாக வந்து சேர்ந்தன. தந்தி முறுக்கும் அந்தத் திருகுக்கு நீ என்ன பேர் சொன்னாலும் எனக்கு வீணைக்கு இருப்பது போலப் பிரடைதான். கடையில் கொடுத்து மாட்டுங்கள், வீட்டில் யாரும் கை வைக்காதீர்கள் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். கடையில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வைதேஹியின் காலேஜ் போட்டியோ பதினான்காம் தேதி. போன வருஷம் நடந்ததை உனக்கு முழுதும் எழுதவில்லை, எழுத மனசு வரவில்லை. பாதிப் பாட்டில் பழைய பிரடை வழுக்கித் தந்தி தொளதொளத்துப் போய், நானூறு பேர் சிரிக்க, குழந்தை மேடையை விட்டு இறங்கி வந்தாள். ஒரு மாசம் கிடாரைத் தொடவில்லை. இந்த வருஷம் மறுபடி பேர் கொடுத்ததே பெரிசு. இன்னொரு தரம் அப்படி ஆனால் ஜன்மத்துக்கும் வாசிக்க மாட்டாள், அவளைப் பெற்றவள் எனக்குத் தெரியாதா. சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு மிஸ்திரியைப் பிடித்தேன். அவன் ஓட்டை போடும் பர்மாவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோ மினிட் கா காம் ஹை மாஜி, இரண்டே நிமிஷ வேலை என்றான். அளக்கவே இல்லையேப்பா! அப்படியே கிடாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கஷ்டம் என்னவென்றால் பழைய பிரடைகள் ஒரே தகட்டில் மூன்று மூன்றாக நெருக்கமாக இருந்தன, நீ அனுப்பியவை தனித்தனி, பிடித்துத் திருகும் காதும் பெரிசு. பழைய ஓட்டையில் மாட்டினால் ஒன்றோடொன்று இடிக்கும். பழையதை அடைத்துவிட்டு ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாகப் புதிதாகப் போட வேண்டும். ஓட்டை சாய்ந்தால் பிரடை இறுகிக்கொள்ளும், இடம் தள்ளினால் மரம் பிளக்கும். பக்கத்து பிளாக் பரமசிவம், எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவர், பல்சக்கரத்தைக் கையால் சுற்றுகிற டிரில்லும் அதன் முனையில் மாட்டும் பிட் மூன்று அளவிலும் கொடுத்தார். அடைப்பதற்கு அப்பாவின் பழைய கட்டைப் பேனாவை ஆறு துண்டாக அறுத்துத் தேய்த்து ஃபெவிகால் போட்டு அடித்து இறக்கினேன். அது அப்பா சர்வீஸ் பரீட்சை எழுதிய பேனாவாம், எனக்கென்ன தெரியும். இரண்டு நாள் பேசவில்லை. ஏற்கெனவே அவருக்குக் கிடார் என்றால் அந்த மரப்பெட்டி என்றுதான் பேர், நீ அதை வாங்கி வந்த அன்றைக்குக் குதித்தது உனக்கு மறந்திருக்காது.

புள்ளி வைப்பதற்குத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது, வந்தபோது ஆபீஸில் தனியாகச் சிரித்துவிட்டேன். என் டைப்ரைட்டரில் அங்குலத்துக்குச் சரியாகப் பத்து எழுத்து, மில்லிமீட்டர் பிசகாது. ஒன்றரை அங்குலம் என்றால் பதினைந்து தட்டு. லஞ்ச் நேரத்தில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிச் செருகி, முற்றுப்புள்ளியை ஓங்கி அடித்தேன். மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று, அட்டையே பொத்துக்கொண்டது. அதைக் கிடார் தலையில் ஒட்டி, பொத்த இடத்தில் ஊசியால் குத்திக்கொண்டால் முடிந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் என்று எனக்கு ஒரே பெருமை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதாப் பசை காய்ச்சி வைத்துக்கொண்டு ஒட்டப் போகிறேன், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, கம்பேர் பண்ணியாச்சோ என்றார். உனக்கு எங்கள் ஆபீஸ் வழக்கம் தெரியும். டைப் அடித்த எதையும் ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் மூலத்தோடு ஒத்துப் பார்த்து, அடியில் இரண்டு பேரும் சுருக்கொப்பம் போட்டால்தான் அது வெளியே போகும். இது என்ன மினிஸ்ட்ரி லெட்டரா, கிடார்தானே என்றேன். எதுவா இருந்தா என்ன, கம்பேர் பண்ணாம ஒரு காகிதமும் வெளியில போகப்படாது என்று ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அளவு வாசிக்க அவர் வைத்துப் பார்த்தார். ஒன்றரை இல்லடி, ஒண்ணு புள்ளி ஆறு என்றார். உங்க ஸ்கேல் தேஞ்சு போச்சு என்று சண்டைக்குப் போனேன். அப்புறம் எண்ணிப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். பத்தி ஆரம்பிக்கும்போது ஐந்து இடம் விட்டு ஆறாவதில் அடிப்போமே, அந்தக் கைப்பழக்கத்தில் பதினைந்து இடம் விட்டுப் பதினாறாவதில் புள்ளி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, மூன்றாவது ஓட்டைக்கு வரும்போது இரண்டு பங்கு தள்ளி, தலையின் ஓரத்தில் போய் நிற்கும். போட்டிருந்தால் மரம் பிளந்து உன் கிடார் விறகுதான். அப்பா குத்திக்காட்டவே இல்லை, மறுபடி அடிச்சுண்டு வா, நான் பாக்கறேன் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை புது அட்டை அடித்து வந்தேன், சரியாக இருந்தது, ஒட்டிவிட்டோம். செவ்வாய்க்கிழமை காலை ஒரு அதிசயம் கேள், காய்ச்சலுக்குக் கூட லீவு போடாத உன் அப்பா அரை நாள் லீவு போட்டார்! கிடாரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டிரில் நிமிர்ந்து நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? என் கைக்கண்ணாடியைப் பிட்டுக்கு முன்னால் படுக்க வைத்தேன். பிட்டும் அதன் நிழலுருவும் ஒரே கோடாகத் தெரிந்தால் நேர், ஒடிந்து தெரிந்தால் சாய்வு. பக்கவாட்டில் இன்னொரு கண்ணாடி வைத்து வைதேஹி பார்த்தாள். அவள் தோடா ரைட்மா, தோடா லெஃப்ட் என்பாள், நான் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு சுற்றுவேன். முதலில் மெல்லிசு பிட், பிறகு நடுத்தரம், கடைசியில் எட்டு மில்லிமீட்டர். பின்பக்கம் முனை எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, திருப்பிப் போட்டு அந்தப் பக்கமிருந்து குடைந்தோம், அதனால் சிம்பு கிளம்பவில்லை. ஆறாவது முடிந்து பிரடையைச் செருகினால் வெண்ணெயில் போவது போல இறங்கியது. சுற்றிப் பார்த்து நாங்கள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து க்யா ஹுவா, என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

நேற்றுப் போட்டி. அப்பாவும் வந்தார், கூப்பிடாமலே செருப்பைப் போட்டுக்கொண்டார். போன வருஷம் தந்தி நழுவிய அதே பாட்டையேதான் எடுத்தாள் பிடிவாதக்காரி. அந்த இடம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நழுவவில்லையடா சேஷு, ஒரு தந்தி நழுவவில்லை! இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவள் நன்றாகத்தான் வாசித்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கைதட்டல் அடங்கவில்லை, ஆனால் நான் அழவில்லை, அத்தனை பேர் நடுவில் அழுவேனா. வெளியே ஒருவர் கிடார் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டதற்கு அப்பா, எங்காத்து கிடார் என்றார், கடை பேரே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிடார் தலையிலிருந்து உரித்து வைத்திருந்த அட்டையைத் தேடி எடுத்து, என்னை ஒப்பம் போடச் சொல்லி, அவரும் போட்டு, கிடாரின் வட்ட வாய்க்குள் கை விட்டு ஒட்டிவிட்டார். நீ வரும்போது எட்டிப் பார்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, மப்ளரைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. ராஜாராமன் அடுத்த மாசம் அங்கே திரும்புகிறான், உனக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். மறக்காமல் வைதேஹிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, தமிழ் படிக்கத் திணறுவாள், இருந்தாலும் தமிழிலேயே போடு. தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருப்பாயாக. அடியில் அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
அனந்தலக்ஷ்மி

சேஷா, மேலே கண்டதைக் கம்பேர் செய்தேன். அளவுகள் சரி. ஒரே ஒரு பிழை. அம்மா அழவில்லை என்று எழுதியிருப்பதை, இருவரும் அழுதோம் என்று திருத்திப் படிக்கவும்.
அப்பா, ரா.சு.