கரி அடுப்புக்கு முன்னால மகள் சொன்னது

டோர்ட்மண்ட், ஜனவரி 2006, வெள்ளி இரவு

காலமை வீட்டு ஹீட்டர் நிண்டு போச்சு. திருத்திற ஆள், பிறகு போன் எடுக்கிறனெண்டார். எங்கட கூடத்தில ஒரு பழைய கரி அடுப்பு இருக்கு. புகைபோக்கி துடைக்கிற மனிசன் வருசா வருசம் பாத்து நல்லாத்தான் இருக்கெண்டு சொல்லுவார். நாங்கள்தான் எட்டு வருசமா மூட்டினதில்லை. பின்னேரம் கரி வாங்கிவந்து மூட்டினன்.

வழமையா இவர், என்ர புருசன், தன்ர அறையில டிவியோட இருப்பார். மகள் தன்ர கதவைச் சாத்திப்போடுவா. இண்டைக்கு மூண்டு பேரும் அடுப்புக்கு முன்னால நிலத்தில இருந்தம். பிறகு மகள் நெருப்பைப் பாத்தபடியே சொன்னா.

"அப்பா, நான் டொக்டருக்குப் படிக்கப் போறேல்லை. புகைபோக்கி துடைக்கிற வேலை பழக எழுதிப் போட்டனான்."

இவரின்ர முகத்தைப் பாக்க எனக்குப் பயமா இருந்தது. இவர் கரியை ஒருக்காக் கிளறினார்.

"கூரையில ஏற உனக்குப் பயமில்லையோ, பிள்ளை?"

"பயம்தான். எண்டாலும் ஏறுவன்."

"எனக்கும் உயரமெண்டாத் தலை சுத்தும்," எண்டார்.

கலியாணம் கட்டி இருபது வருசம், எனக்கு இது தெரியாது. இவர் ஏன் கோபிக்கேல்லை? மகள் ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? ஆளின்ர முகத்தைப் பாக்காம நெருப்பைப் பாத்தா வாய் திறக்குமோ?

எட்டு மணிக்குத் திருத்திற ஆள் போன் எடுத்து, நாளைக்குக் காலமை வாறனெண்டார். அவசரமில்லை, திங்கக்கிழமை வாங்கோ எண்டு சொன்னன். இவையளிட்டை, அவருக்கு நாளைக்கு ஏலாதாமெண்டு சொல்லிப்போட்டன்.