பல் இல்லை, டோரிஸ் இல்லை

2009 நவம்பர் 12, வியாழன். கடலூர்

விடியலில் தூறல். அக்கா வீட்டு மாமா பைக்கில் துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டார். கோழித் தீவனத்துக்குப் போகும் கழிவு மீன் குவியலில் ஓடில்லாத கடல் நத்தை ஒன்று. உயிரோடு. கட்டைவிரல் நீளம், சாம்பல் நிறம், முதுகெல்லாம் கொப்புளம், பின்பக்கம் பூப்போலச் செவுள். இந்தக் கரையில் இதற்கு ஒரே ஒரு பதிவு. என் பிஎச்.டி. கைடு எழுதியது, டோரிஸ் இனம் என்று. அந்த நத்தை அவர் அலமாரி ஜாடியில்.

மாமா எட்டிப் பார்த்தார். "என்னா மச்சான் இது, மூக்கு சிந்திப் போட்ட மாதிரி இருக்குது."

"ரொம்ப அபூர்வம் மாமா."

"வித்தா எவ்ளோ வரும்?"

"ஒண்ணும் வராது."

"அப்பறம் என்னா அபூர்வம்."

வாங்க: பொட்டாஷ், புது பிளேடு, மெந்தால். மயக்காமல் ஸ்பிரிட்டில் போட்டால் செவுளை இழுத்துச் சுருண்டுவிடும்.

நவ. 13, வெள்ளி. சிதம்பரம்

கைடு லென்ஸில் ஒரு பார்வை பார்த்தார். "நம்ம டோரிஸ்தான்யா. படம் எடு, ஜாடியில போடு, என் பேப்பர ரெஃபரன்ஸ் போட்டுக்க. வெட்டாத. புதுசா கெடச்சதே ஒண்ணு."

டோரிஸ் என்றால் நாக்கில் பல் வரிசை வேண்டும். அவர் பேப்பரில் பல்லைப் பற்றி ஒரு வரி கிடையாது. முதுகைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார். வெட்டத்தான் போகிறேன்.

செருப்பு அறுந்தது.

நவ. 14, சனி

மழை. கரன்ட் போய்ப் போய் வந்தது. வாய்ப் பகுதியை வெட்டிப் பொட்டாஷில் போட்டேன். சதை கரையும், பல் மட்டும் மிஞ்சும். எதுவும் மிஞ்சவில்லை. பல்லே இல்லை. அப்படியானால் டோரிஸ் இல்லை, டென்ட்ரோடோரிஸ். கடற்பஞ்சைக் கரைத்துக் குழாய் வாயால் உறிஞ்சுகிற கூட்டம்.

சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன். பாதி டம்ளரில்தான் உறைத்தது. காட்ட என்ன இருக்கிறது? குழாயையும் சேர்த்துக் கரைத்தாயிற்று. முதலில் வரைந்திருக்க வேண்டும். அவசரக் குடுக்கை.

நவ. 16, திங்கள்

டென்ட்ரோடோரிஸ் என்று எழுதிய அத்தியாயத்தைக் கைடிடம் நீட்டினேன். "கழுவறப்ப பல்லு சிங்க்ல போயிருக்கும்யா."

"போகல சார்."

"எங்க, காட்டு."

காட்ட ஒன்றுமில்லை.

"டோரிஸ்னு மாத்தி எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா அடுத்த வருஷம் பாப்போம்."

அவர் கையெழுத்து இல்லாமல் தீசிஸ் போகாது. ஃபெலோஷிப் இந்த மாதத்தோடு சரி. தெரிந்துதான் சொன்னேன்: "உங்க ஜாடியில ஒண்ணு இருக்குல்ல சார். அத வெட்டலாம்."

லேபில் எல்லோரும் திடீரென்று மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்துகொண்டார்கள்.

"அது இருவது வருஷமா இருக்குதுய்யா."

"அதனாலதான் சார்."

ராத்திரி மாமா போனில்: "டோரிஸோ மோரிஸோ, அவரு சொல்றத எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு மச்சான். நத்தையா வந்து கேக்கப் போவுது?" வைத்துவிட்டேன்.

நவ. 19, வியாழன்

அலமாரிச் சாவியை அவரே என் மேசையில் போட்டார். "வெட்டு. நான் பக்கத்துலயே நிப்பேன். பல்லு இருந்துச்சுன்னா நீ வேற கைடப் பாத்துக்க."

சரி என்றேன்.

ஃபார்மலின் நெடி, கண்ணில் தண்ணீர். உடம்பு ரப்பர் மாதிரி. இந்த முறை பொட்டாஷைத் தொடவில்லை. மேலிருந்து மெதுவாகக் கீறினேன். வாயிலிருந்து ஒரு குழாய், மடிந்து உள்ளே போகிறது. பல்லைத் தாங்கும் சதைக் குமிழே கிடையாது. வரைந்தேன், படம் எடுத்தேன், எழுந்து மைக்ராஸ்கோப்பை அவருக்கு விட்டேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"ஃபோகஸ் சரியில்ல."

"நீங்களே திருப்புங்க சார்."

திருப்பினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

அத்தியாயத்தில் ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவர் ஜாடி நத்தையின் படத்தை மட்டும் சேர்த்தேன். கையெழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி அவர் மேசையில் வைத்து, பேனாவை மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.