புளூமாவின் கண்ணாடிப் பாத்திரம்

ரொறன்ரோ
30 ஒக்ரோபர் 2025

அன்புள்ள விநாயகமூர்த்திக்கு,

யாழ்ப்பாணம் சோனகத்தெருத் தையல்காரன் ஹலீம் எழுதிக்கொள்வது. நானும் ரிஸ்மியாவும் அல்லாஹ்வின் உதவியால் நடமாடுகிறோம். எனக்குச் சர்க்கரை, அவவுக்கு முழங்கால். நீரும் கமலாம்பிகையும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பது என் துஆ. முந்தி வாடா போடா என்றுதான் நாங்கள் கதைத்தோம். இப்போது நீர் என்று எழுதுகிறேன். நடுவில் முப்பத்தைந்து வருடம் கிடக்கிறது, கை கூசுகிறது.

2002இல் சமாதான காலத்தில் உம்முடைய கடிதம் கிடைத்தது. நான் பதில் போடவில்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று நீர் உம்மைத் தேற்றியிருந்தால், அது பிழை. கிடைத்தது, வாசித்தேன், அலுமாரியில் வைத்துவிட்டேன். இன்று எடுத்து மறுபடி வாசித்தேன். ஏன் இன்று என்று கேட்பீர். நாங்கள் ஊரைவிட்டுப் போன அந்த நாள் இன்றுதான் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் புளூமா.

புளூமா யார் என்று முதலில் சொல்ல வேண்டும். நான் இங்கே வந்த புதிதில் ஸ்படைனா வீதியில் ஒரு கோட்டுத் தொழிற்சாலையில் தைத்தேன். அங்கே தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்க வந்த யூதப் பெண் அவள். எனக்கு நாலைந்து வயது மூப்பு. அவளுடைய தகப்பனும் பாட்டனும் அதே தெருவில் துணி வெட்டியவர்கள். பாட்டன் வேலைநிறுத்தம் செய்து மறியலுக்கும், அதுதான் சிறைக்கும், போனவராம். எங்கட வீட்டிலை கடவுளை நம்பாத ஆக்கள் இருந்தவை, கட்சியை நம்பாத ஆக்கள் இருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லுவாள். கட்சி என்றால் இங்கத்தைய இடதுசாரிக் கட்சி. என்னைச் சங்கத்தில் சேர்த்ததும் கட்சியில் சேர்த்ததும் அவள்தான். நீரும் நானும் மே தினத்துக்குச் சுவரொட்டி ஒட்டப் பசை வாளியோடு திரிந்த கதையெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

இருபது வருடத்துக்கு மேலாக நானும் புளூமாவும் சோடியாகத்தான் வீடு வீடாக வாக்குக் கேட்கப் போனோம். பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் யூத வீடுகளுக்கு அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. தமிழ் வீடுகளுக்கு நான் முன்னுக்கு. தேர்தல் அறிவித்த அன்றே கட்சிப் பலகையை அவளுடைய முற்றத்தில் என் சுத்தியலால் நான் அடித்து நட வேண்டும். அது நட்டால்தான் தொகுதியில் மற்ற வேலையெல்லாம் தொடங்கும். ஒவ்வொரு பெருநாளுக்கும் ரிஸ்மியா அவளுக்கு வட்டிலப்பம் அவிப்பாள். தாய் பழக்கிய பழக்கமாம், இறைச்சியோடு பால் சேர்த்துச் சாப்பிடமாட்டாள். எங்களுடைய வட்டிலப்பத்தில் தேங்காய்ப்பால் என்பதால் இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகும் பயமில்லாமல் சாப்பிடுவாள். அதற்கென்றே ஒரு கண்ணாடிப் பாத்திரம் வாங்கித் தந்தாள். அது எங்கள் குசினியில், வேறெதற்கும் எடுக்காமல், தனியாக இருந்தது.

பிறகு காஸாச் சண்டை வந்தது. 2023 ஒக்ரோபர் ஏழுத் தாக்குதலில் செத்தவர்களை நினைத்து அவள் அழுதாள் என்று கேள்விப்பட்டேன். நான் போன் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு காஸாவில் பிள்ளைகள் சாகத் தொடங்கினார்கள். காலையில் தேத்தண்ணீர் இறங்காது. அவளுக்கும் இறங்கவில்லையாம், பிறகுதான் அறிந்தேன். அந்த யூத நாட்டு அரசாங்கத்தை என்னைவிடக் கூடத் திட்டுகிறவள் அவள். ஆனால் அதை அவளிடம் ஒருத்தரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த தைமாதம் தொகுதிக் கிளைக் கூட்டம். நான்தான் தலைவர். புளூமா பத்தொன்பது வருடமாகச் செயலாளர். பதவிக்கு மறுபடி அவளுடைய பெயரை முன்மொழிந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழும்பி, முதலில் இவர் இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்று சொல்லட்டும், பிறகு வாக்கெடுப்போம் என்றார். ஒருத்தரும் கத்தவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். நான் இங்கை பாதர்ஸ்ட்டிலை பிறந்தனான், அந்தச் சண்டையை நான் நடத்தேல்லை, எல்லாரிட்டையும் கேளுங்கோ, நானும் சொல்லுறன் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

கேட்டால் எல்லோரிடமும் கேட்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரிடமும் கேட்கக் கூடாது. தலைவர் அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் போதும். நான் கடதாசிகளை அடுக்கினேன், விநாயகமூர்த்தி. சொன்னால் பள்ளிவாசலில் என்ன கதைப்பார்களோ, ஹலீமும் விலைபோய்விட்டான் என்பார்களோ என்று பயந்தேன். அது பாதி உண்மைதான். மிச்சப் பாதி, கோபத்தில் எனக்கும் அவள் வாயால் அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. வெட்கமாக இருக்கிறது. அவள் கைப்பையிலிருந்து கிளை அலுவலகக் கதவுத் திறப்பை எடுத்து, என் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இந்தச் சித்திரையில் பொதுத்தேர்தல். நான் தனியாகப் பாதர்ஸ்ட் பக்கம் போனேன். முப்பது வருடம் எங்களுக்கு வாக்குப் போட்ட கிழவர் ஒருவர், புளூமா எங்கே என்று கேட்டார். நான் துண்டுப்பிரசுரத்தை நீட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டார். இப்படி எத்தனையோ வீடு. சிலர் லிபரலுக்குப் போடப்போவதாகச் சொன்னார்கள், சிலர் வாக்குப்போடவே வரவில்லை. எங்களை விட்டுப் போகாத யூத வீடுகளும் உண்டு. புளூமாவின் மகள் தாலியா பல்கலைக்கழகத்தில் காஸாவுக்காகக் கூடாரம் போட்ட பிள்ளைகளோடு நின்றவள். தாயோடு இப்போது கதையில்லை. புளூமாவின் தெருமுனையில் காரைத் திருப்பியபோது பார்த்தேன், முற்றத்தில் வலதுசாரிக் கன்சர்வேட்டிவ்காரரின் நீலப் பலகை. மறியலுக்குப் போன மனிசனின் பேத்தி வீட்டு முற்றத்தில்! வேறு யாருடையவோ சுத்தியலால் அடித்தது, கொஞ்சம் சரிந்து நின்றது. இறங்காமல் வந்துவிட்டேன்.

இந்த மாதம் சண்டை நின்றது. நின்றது என்றுதான் சொல்கிறார்கள், இடிபாட்டுக்குள் இன்னும் தேடுகிறார்களாம். ரிஸ்மியா தானாகவே கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவி வட்டிலப்பம் அவித்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, புளூமா தங்கள் ஓய்வுநாளுக்கு மெழுகுதிரி ஏற்றும் நேரத்துக்கு முன்னம் கொண்டுபோனேன்.

கதவை முழுக்கத் திறக்கவில்லை. மெலிந்துபோயிருந்தாள். பாத்திரத்தை வாங்கினாள், ரிஸ்மியாவின் முழங்காலை விசாரித்தாள். அந்தப் பலகையைப் பற்றி நான் கேட்காமலே, அவங்களிலை எனக்கு விருப்பமில்லை, ஆனால் அவங்கள் என்னை எழுப்பி நிப்பாட்டிக் கேள்வி கேக்கேல்லை என்றாள். மன்னித்துக்கொள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மொழியில் அது பஸ்ஸில் காலை மிதித்தாலும் சொல்லுகிற சொல். அவள், சண்டை நிண்ட பிறகு வந்திருக்கிறாய் ஹலீம், நான் இரண்டு வருசமாய் இதே வீட்டிலைதான் இருந்தனான் என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

விநாயகமூர்த்தி, உம்முடைய கடிதம் வந்த அன்று நான் ரிஸ்மியாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? துவக்குச் சத்தம் நின்ற பிறகுதான் இவனுக்கு என்ரை விலாசம் கிடைச்சிருக்குது என்றேன். ஏறக்குறைய அதே சொல்.

தொண்ணூறாம் ஆண்டு இதே நாளில் நடந்ததை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று துவக்குப் பிடித்த இயக்கம் ஒலிபெருக்கியில் சொன்னது. பிள்ளையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் ஐந்து சந்தியால் போனபோது, நீர் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு கடை வாசலில் நின்றீர். என் கண்ணைப் பார்த்தீர். பிறகு குனிந்து சைக்கிள் செயினைச் சரிசெய்தீர். செயின் கழன்றிருக்கவில்லை, பயத்தில்தான் குனிந்தேன் என்று கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர். உமக்குத் துவக்குக்குப் பயம். வாயைத் திறந்திருந்தால் துரோகி என்று சுட்டுக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். அந்தக் கிளைக் கூட்டத்தில் எனக்கு முன்னால் துவக்கு இல்லை. பிளாஸ்டிக் கதிரைகளும் கோப்பிக் கோப்பைகளும்தான் இருந்தன. நான் ஏன் குனிந்தேன்?

போன செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு பெட்டி வந்தது. கண்ணாடிப் பாத்திரம், கழுவித் துடைத்து, பழைய பத்திரிகையில் சுற்றியிருந்தது. இனி இதை எல்லாவற்றுக்கும் பாவிக்கலாம் என்று ஒரு துண்டில் எழுதியிருந்தாள். ரிஸ்மியா அழுதாள். பாத்திரத்தைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறோம். அதில் எதையும் போட மனம் வரவில்லை. அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இருபத்துமூன்று வருடமாக நானே உம்மிடம் திரும்பி வராமல் இருந்தவன் அல்லவா?

உமது கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்த விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். இந்த வருடங்கள் எல்லாம் தபால்காரனைக் கண்டால் உனக்கு எப்படி இருந்தது? எப்போது எதிர்பார்ப்பதை விட்டாய்? எழுது விநாயகம், ஒரு வரி போதும். நான் மன்னித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுத எனக்கு இப்போது என்ன தகுதி என்று தெரியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் எழுபது கடந்தவர்கள். இதைப் பிரித்து வாசிப்பது விநாயகமூர்த்தி இல்லையென்றால், வீட்டில் இருக்கிற பிள்ளைகளே, உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். அவருடைய படத்துக்கு முன்னால் நின்று, கடிதம் கிடைத்தது என்று ஹலீம் சொல்லச் சொன்னவர் என்று ஒருதரம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் உங்கள் வீட்டைக் காப்பானாக.

என்றும் உன்,
ஹலீம்