காதுக்குள் அரியாட்னி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் இடுப்புவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

கிடங்கில் நாள் முழுக்க என் காதுக்குள் ஒருத்தி பேசுகிறாள். “எவ அவ?” என்று கிளம்பிவிடாதே, மெஷின்தான். எந்தச் சந்தில் எந்தப் பெட்டி என்று வழி சொல்லும். அரியாட்னி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது சொல்லச் சொல்ல நான் ‘சரி’ என்பேன். இங்கே என் மொத்தப் பேச்சும் அதுதான்.

நேற்று சார்ஜ் தீர்ந்து அது வாயை மூடிக்கொண்டது. உயர உயரமான அடுக்குகளுக்குள் வழி தெரியாமல் சுற்றினேன். பயப்படாதே, சூப்பர்வைசர் வந்து கூட்டிப்போனார்.

அவர்தான் கதை சொன்னார். அரியாட்னி கிரேக்கப் புராணத்து ராஜகுமாரியாம். சுற்றுவழிக் கோட்டைக்குள் போனவன் திரும்பி வர நூல் கொடுத்தாளாம். ஆக, அவள்தான் முதலில் நூல் விட்டிருக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு. அதைச் சொல்லிச் சிரிக்க இங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. வெளியே வந்தவன் அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பி, பாதி வழியில் ஒரு தீவில் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். அதோடு என் சிரிப்பும் நின்றுவிட்டது.

சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. வெள்ளை நூல்கண்டு ஒன்று அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான்; நீ அனுப்பியதாக இருக்கட்டும்.

கிடங்குக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். கம்பெனியில் என் கான்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அதற்கு மட்டும் நான் இன்னும் ‘சரி’ சொல்லவில்லை.