குழாய் வைத்த துளசிச் சட்டி

செம்பவாங்,
21-1-1966, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கமலாவுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பதாக உன் கடிதத்தில் இருந்தது, ஆனால் அது இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் அங்கே எத்தனை பனி பெய்ததோ, எத்தனை முறை தும்மினாயோ, ஆகையால் இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று மறுபடியும் கேட்கிறேன். (அக்கா, அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது பூவம்மா. அம்மா பேசுகிறபடியே எழுதினால் தாள் போதாது, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் நான்.)

மழை விட்டுவிட்டது. கப்பல் பட்டறையில் சண்டைக் கப்பல்கள் வந்தபடி இருப்பதால் அப்பாவுக்கு ஞாயிறு தவிர எல்லா நாளும் ஓவர்டைம். பெயிண்ட் வாடையோடு வருகிறார், முழங்கால் வலிக்கிறது என்கிறார், ஆனால் வெறுங்கையோடு மட்டும் வருவதில்லை. கழித்துப் போட்ட சாமான் எதைக் கண்டாலும் மேஸ்திரியிடம் கேட்டு, பட்டறை வாசலில் காட்டச் சீட்டும் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். நம் லைன் வீட்டு வாசல் இப்போது உனக்கு அடையாளம் தெரியாது. மண்ணெண்ணெய்த் தகரங்களைப் பாதியாக வெட்டி, மிச்சம் விழுந்த கப்பல் பெயிண்டை அடித்து வரிசையாக வைத்திருக்கிறோம், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பக்கத்து வீட்டு ருக்கையா, "முத்தாயிக்கா வீட்டு மொளகாச் செடியெல்லாம் நேவியில சேந்துடுச்சு லா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். லாரி டயர் ஒன்றை அறுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டு அதில் கனகாம்பரம் வைத்தேன். கிழிந்த மிதவை வளையம் ஒன்று வேலியில் தொங்குகிறது, அதில் கட்டிவிட்ட ஆர்க்கிட் இப்போதுதான் வேர் பிடிக்கிறது. உடைந்த ஆட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு வைத்தால் மைனா குளிக்க வந்தது, அது பொறுக்காமல் கொசு இன்ஸ்பெக்டர் வந்து, "தண்ணி நிக்கக் கூடாதும்மா, அபராதம் போட்ருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது காலையில் ஊற்றுவதும் மாலையில் துணியால் ஒற்றி எடுப்பதும் எனக்கு ஒரு வேலை. நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்ட கான்வாஸ் சப்பாத்துகளை எறிய மனம் வராமல் இரண்டிலும் மண் போட்டுப் பத்து மணிப் பூ வைத்திருக்கிறேன். வாசற்படி ஓரம் அவை ஜோடியாக இருப்பதைப் பார்த்தால் நீ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனது போல இருக்கும். வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைத்துவிட்டுக் களைத்து வருகிற நாளில் மறந்துபோய் உள்ளே எட்டிக்கூடப் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குப் போவதால் வீட்டைப் பூவம்மாதான் பார்க்கிறாள். நீ போனதும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள், நீ வந்தால் மாலைப் பள்ளியில் சேர்த்துவிடுவதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, வாயில்லாப் பூச்சி. (அம்மா எழுதச் சொன்னதால் எழுதினேன்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கப்பலேறிய அன்று, ஊருக்குப் போனவர் போன கையோடு வீட்டைக் கூட்டக் கூடாது என்று துடைப்பத்தையே தொடவில்லை. சீப்பில் சுற்றியிருந்த உன் முடியைக்கூட எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அப்பா அந்தச் சட்டியைக் கொண்டு வந்தார். வெள்ளை எனாமல் பூசிய மங்கு, நீலக் கரை, உள்பக்கமாக மடிந்த அகல விளிம்பு, பக்கத்தில் துளையோடு ஒரு கைப்பிடி. வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரிக் குப்பையில் கிடந்ததாம். அப்பா அதைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "பாரு, தண்ணி வடியறதுக்குக் கொழாயே வச்சுச் செஞ்சிருக்கான். பூச்சட்டி செய்யறதுலகூட வெள்ளைக்காரன் மூளையே தனி" என்றார். எனக்கும் அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. துருப்பிடித்த பால் டின்னில் வாடிக் கிடந்த துளசியை அதில் மாற்றி, நெற்றிக்கு இடுவது போலச் சட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, என் பிள்ளை படித்து முடித்துப் பத்திரமாகத் திரும்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு வெள்ளி தவறியதில்லை, ஒரு செவ்வாய் தவறியதில்லை, மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் காப்பி. துளசியைக் கேட்கவே வேண்டாம், புதர் போலத் தழைத்தது. தீபாவளிக்கு ருக்கையாவின் தம்பி யாக்கூப், சிராங்கூன் ரோட்டுப் படக்கடையில் வேலை செய்கிறவன், கேமராவோடு வந்திருந்தான். என்னை அந்தச் சட்டியின் பக்கத்தில் நிற்க வைத்து, "சிரிங்கக்கா, லண்டன்ல பாக்கப் போறாங்க" என்று சொல்லிச் சொல்லி எடுத்தான். அந்தப் படத்தைத்தான் உனக்கு அனுப்பினோம்.

உன் பதில் போகியன்று வந்தது. ருக்கையா என்னோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூவம்மா படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்று, தாளால் முகத்தை மூடிக்கொண்டாள். "என்னடி, கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கிட்டாளா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். "வெள்ளைக்காரனா?" என்றேன். "ஐயோ, கல்யாணமே இல்லம்மா, துளசிச் சட்டிம்மா" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரிக்கிறாள். ருக்கையா அவளை இழுத்துத் தன் காதில் சொல்லச் சொன்னாள். கேட்டதும் கீரையை மடியோடு கொட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள் பார், எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடக்கிற நோயாளிக்கு இடுப்புக்குக் கீழே வைக்கிற சட்டி அது என்று விளக்கினாள். (அம்மா இந்த இடத்தில் அதற்குச் சொன்ன பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ எழுதியிருந்த பெட்பேன் என்ற சொல்லே இருக்கட்டும்.) அந்தக் குழாய் எதற்கு என்பதையும் நீ விளக்கியிருந்தாயாமே. அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, ருக்கையா சொல்லிவிட்டாள்.

முதலில் நானும் சிரித்தேன் கமலா, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் தாளைப் படிக்கும்போதுதான் சிரிப்பு நின்றது. நர்ஸ் படிப்பு சித்திரையோடு முடிகிறது, ஆனால் மேலே பிரசவப் படிப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு வருடம், அது முடிந்து அங்கேயே ஒரு வருடம் வேலை, ஆக இன்னும் இரண்டு வருடம், இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் சரி என்றால்தான் போடுவேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. வேண்டுதலை எந்தச் சட்டியில் வைத்தேன் பார், அதனால்தான் பிள்ளை வரவில்லை என்று தோன்றியது. சித்திரைக்கு நீ வருவாய் என்று கட்டில் கால்களுக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தோம், அதுவும் அதே கப்பல் பெயிண்ட். அப்பா, "போகியோட போகியா அதக் கழிச்சுடு, எல்லாரும் பழசக் கழிக்கிற நாளு" என்றார். சட்டியைக் கழிக்கலாம், துளசியை என்ன செய்வது? அந்நிய தேசத்தில் பெண் இருக்கும்போது அவள் பேரில் வைத்த துளசியைப் பிடுங்குவார்களா? பிடுங்கவும் முடியவில்லை, சுற்றவும் முடியவில்லை. கூடையைப் போட்டு மூடி வைத்தேன். பொங்கலும் வெள்ளிக்கிழமையில் வந்தது, அன்று சுற்றாமலே பொங்கல் வைத்தேன். பானை பொங்கியது, எல்லாரும் கத்தினார்கள், நான் விறகை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன்.

உன் மேலும் கோபம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். என் பெண் வெள்ளை உடுப்புப் போட்டு ஊசி போடுகிறாள் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மற்றவர்களின் அசிங்கத்தை எடுத்து அந்தச் சட்டியைக் கழுவுகிறாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கா கப்பலேற்றினோம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா விடிந்ததும் பஸ் ஏறிச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போனார். மத்தியானம் பளபளவென்று ஒரு பித்தளைப் பாத்திரத்தோடு வந்தார், குடத்தைவிட உயரம், வயிறே இல்லாமல் நேராக, தூக்க முடியாத கனம். அவரே உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தார். பார்க்கக் கோயில் சாமான் போல இருந்தது. எனக்கு மனசு கொஞ்சம் ஆறி, கூடையை எடுத்துவிட்டு, சிரட்டையால் துளசியைச் சுற்றி மண்ணைக் கிளறத் தொடங்கினேன். வேர் நோகாமல் கிளறிக்கொண்டே, எந்தக் கோயில் பாத்திரம் என்று கேட்டேன். "கோயிலா? பீரங்கிக் குண்டோட கூடு, சப்பான்காரன் சண்டையில சுட்டது. இப்பக்கூட அடியில நம்பர் இருக்கு பாரு" என்று பெருமையாகக் கவிழ்த்துக் காட்டினார். சிரட்டையைக் கீழே வைத்தேன். "ஆளக் கொன்னது சுத்தம், ஆளத் தாங்குனது அசுத்தமா?" என்றேன். அவரைக் கேட்கவில்லை, அது தானாக வாயில் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ருக்கையா மட்டும், "நல்லாக் கேளுங்கக்கா" என்றாள்.

பூவம்மாவைக் கூப்பிட்டு உன் கடிதத்தை எடுத்து வரச் சொன்னேன். முதல் தாளில் எங்கள் சிரிப்பில் காதில் விழாமல் போன ஒரு வரி இருந்தது. உன் வார்டில் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளைக்கார அம்மா கிடக்கிறாள், குளிர் காலத்தில் மங்கு பனிக்கட்டி மாதிரி இருக்கும், ஆகையால் அவளுக்கு வைக்கும் முன் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் வைப்பேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. அதை மறுபடி படிக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தரமும் படிக்கச் சொன்னேன். அங்கே நீ வெந்நீர் ஊற்றுகிறாய், இங்கே நான் தண்ணீர் ஊற்றுகிறேன், இரண்டு பேர் கையும் ஒரே சட்டியில்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. கிளறிய மண்ணைத் திரும்ப அமுக்கி, தண்ணீர் விட்டேன். மேலே விட்ட தண்ணீர் அந்தக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்ல" என்று முணுமுணுத்தார், அப்போதுதான் வீட்டில் மறுபடி எல்லாரும் சிரித்தோம். குண்டுக் கூட்டில் இப்போது அப்பாவின் குடை நிற்கிறது.

இன்று காலை தலைக்குக் குளித்துவிட்டுத் துளசியைச் சுற்றினேன். மூன்று முடிந்ததும் அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு என்று இன்னொரு சுற்றும் சுற்றினேன். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா, பார்க்க வருகிறார்களா என்று எழுது. சட்டியைச் சூடாக்கச் சொல்லி யாராவது உனக்குச் சொல்லிக் கொடுத்தார்களா, நீயாகச் செய்தாயா, அதையும் எழுது.

கையெழுத்துப் போடு கமலா. அப்பாவும் அதையேதான் சொல்கிறார். பிறக்கிற பிள்ளையைத் தாங்குகிற படிப்பை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சரி என்று சொல்லிவிட்டால் மனசு கேட்கிறதா? தேக்கா சந்தைக்குக் கரும்பு வாங்கப் போனபோது பஸ்ஸில் முன்னால் ஒரு பெண், உன் பின்னல், உன் கழுத்து, இறங்குகிற இடம் தாண்டியும் பார்த்துக்கொண்டே போய்விட்டேன். இரண்டு வருடம் என்று நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய், நான் அதை வெள்ளி வெள்ளியாக அல்லவா கடக்க வேண்டும். (அம்மா எழுந்து வாசலுக்குப் போய்த் துளசிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தார்கள். அதுவரை நான் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.)

காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே. அறையில் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்காதே. வாரம் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை, அங்கே யார் என்ன சொன்னாலும் சரி. சோறு கிடைக்காத நாளில் ரொட்டியாவது வயிறு நிறையச் சாப்பிடு. நம் மாரியம்மன் உன் கைக்குப் பலம் கொடுக்கட்டும், உன் கை பட்ட உடம்பெல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ போன கப்பலைவிடப் பெரிய கப்பலில் நல்லபடியாகத் திரும்பி வா. துளசியைச் சட்டி மாற்றவில்லை, மறந்துவிடாதே. மாற்றத்தான் வேண்டும் என்றால் நீ வந்து உன் கையால் மாற்று. அதுவரை அது அதிலேயே இருக்கும்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா முத்தாயி

அக்கா, அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார்கள், அதனால் இந்த வரிகள். துளசி இலை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன், கழுவிவிட்டேன். உன் சப்பாத்துக்குப் பக்கத்தில் செடி வைக்க அம்மா என் பள்ளிக்கூடத் தகரப் பெட்டியைக் கேட்டார்கள். இன்னும் ஓட்டை விழவில்லை, நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நீ கையெழுத்துப் போடு. நீ வரும்வரை துரு ஏறாமல் இருக்கப் பெட்டிக்கும் கொஞ்சம் கப்பல் பெயிண்ட் அடித்து வைக்கிறேன்.

பூவம்மா