மில்லிங் மிஷின் இருக்கும் அறை வாடகைக்கு இல்லை

அம்மா,

கருகிய வாடை இன்னும் உன் அறையை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன், சாம்பிராணி போட்டேன். மேஜைப் பக்கம் போனால் இப்போதும் மூக்கில் ஏறுகிறது. உலோகம் செதுக்கும் உன் மில்லிங் மிஷினை நான் போட்ட அன்று வந்த வாடை அது.

நீ போனபின் அந்த சுவிட்சைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஒரு கணம் உறுமியது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போர்டு இருக்கிற பெட்டியிலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. வெட்டும் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"போச்சா? விடு, நல்லதுக்குத்தான்" என்றான். "ரோட்டைப் பாத்த ரூம். ஒரு கட்டில் போட்டு பாத்ரூம் கட்டினா பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்த ஆள் வரும். தீபத்துக்கு நான் நீன்னு அடிச்சிக்குவாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காயலான் கடைக்காரரை வரச் சொல்றேன்."

என்னைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனான்.

நீ இதை வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாலுகா ஆபீஸில் டைப் அடித்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கினாய். மேஜைமேல் வைக்கிற சின்ன மிஷின்தான், ஆனாலும் வேனிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அடி அண்ணாமலையில் பாதி தெரு வேடிக்கை பார்த்தது. அத்தை காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் அண்ணி, பட்டறை கிட்டறை வெக்கப் போறீங்களா?"

"இல்ல. ஆசையா இருந்துச்சி, வாங்கிட்டேன்."

அதற்குமேல் நீ ஏதாவது சொல்வாய் என்று அத்தை காபி ஆறும்வரை காத்திருந்தாள். நீ திரும்பி மிஷினைத் துடைக்க ஆரம்பித்தாய். அன்று உன்னை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா?

அலுமினியக் கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் எல்லா மூலையும் நேராக வரும்வரை செதுக்குவாய். நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை முடிந்து வந்ததும் உன் பக்கத்தில் உட்காருவேன். மூலைமட்டத்தைக் கட்டைமேல் வைத்து, கோணல் இருந்தால் நடுவில் கசியும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது என் பங்கு.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

"ஜாஸ்தியா, கம்மியா?"

"கம்மிதான்."

"கம்மின்னாலும் தெரியுதில்ல? திரும்பப் போடு."

அந்தக் கட்டைகளை வைத்து நீ எதுவும் செய்யவில்லை. ஜன்னல் ஓரம் வரிசையாக அடுக்கினாய். வீட்டுக்கு வந்தவர்கள் இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார்கள். நாற்பது வருடம் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் உழைத்தவள், எதற்கும் உதவாத ஒன்றைச் செய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

அந்த மிஷினையா எடைக்குப் போடுவது?

புகை வந்த மறுநாளே டிரைவ் போர்டைக் கழற்றினேன். பிளக்கைப் பிடுங்கினாலும் போர்டில் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்கும் என்று நாம் சேர்ந்து படித்தது ஞாபகம் வந்தது. காத்திருந்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். எந்தக் கம்பி எங்கே என்று முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டேன். போர்டைத் திருப்பியதும் காரணம் தெரிந்தது. காற்றுப் போக வைத்த ஓட்டை வழியாக ஒரு அலுமினியச் சுருள் உள்ளே விழுந்து, இரண்டு இணைப்புகளின் நடுவே கருகிக் கிடந்தது. நீ செதுக்கிய ஏதோ ஒரு கட்டையின் துகள். அதைத் தூக்கிப் போட மனசு வராமல் கொஞ்ச நேரம் விரலில் வைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரரிடம் போர்டைக் காட்டினேன்.

"இத ரிப்பேர் பண்ண முடியாதுங்க, புதுசுதான் போடணும். அதுக்கு முன்னாடி மோட்டார் உசுரோட இருக்கான்னு பாத்துக்குங்க. அதுவும் போயிருந்தா புது போர்டையும் சேத்து எரிச்சிடும்."

வீட்டுக்கு வந்து என் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் அதில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியின் நுனியைச் சுரண்டி மறுபடியும் வைத்தேன். ஸ்பிண்டில் மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி, திரும்பியது. யாருமில்லாத வீட்டில் நான் "அம்மா!" என்று கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அன்றே ஆர்டர் செய்த புது போர்டு சென்னையிலிருந்து சனிக்கிழமை வந்தது. கம்பிகளின் நிறம் வேறு, திருகு ஓட்டைகள் வேறு. அன்று முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். பெட்டியின் ஓட்டைகளுக்கு மெல்லிய வலை ஒட்டினேன், இன்னொரு துகள் உள்ளே போகக் கூடாதென்று.

ஞாயிறு காலை அண்ணனும் காயலான் கடைக்காரரும் உள்ளே வரும்போது நான் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் போட்டேன். புகை இல்லை. ஸ்பிண்டில் சுற்றியது, ஆனால் தலைகீழாக. கத்தியின் முனை வெட்டும் பக்கம் வராமல் முதுகைக் காட்டியது.

அண்ணன் சிரித்தான். "அதுவே திரும்பிப் போறேங்குது. விட்டுடேன்."

நான் பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினேன். மறுபடி போட்டேன். நேராகச் சுற்றியது. வேகத்தைக் கூட்டி, ஒரு கட்டையை இறுக்கி வைத்து ஓட்டினேன். வெள்ளிச் சுருள்கள் என் புடவையெல்லாம் தெறித்தன.

காயலான் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "ஓடற மிஷினை நான் எடைக்கு எடுக்கறதில்லீங்க. பழைய பேப்பர் இருந்தா குடுங்க."

அவர் போனதும் அண்ணன் கேட்டான்: "வீட்ல எனக்கும் பங்கு இருக்கில்ல?"

"இருக்குண்ணா. மாடியில எவ்ளோ ரூம் வேணும்னாலும் கட்டிக்க. இந்த ரூமைக் குடுக்க மாட்டேன்."

சாப்பிடாமல் போய்விட்டான். ஆனால் சாயங்காலமே போன் செய்து, மாடிக்கு ஷீட் போட்டால் காற்றுக்குத் தாங்குமா என்று கேட்டான். தாங்கும் என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ மிஷின் ஓட்டும்போதெல்லாம் தெருக்கதவைச் சாத்திவிடுவாய். சத்தம் வெளியே போகும் என்பாய். அத்தனை பேர் கேட்டும் அசைந்து கொடுக்காதவளுக்கும் அந்தக் கதவு வேண்டியிருந்தது. எனக்குப் புரிகிறது.

இன்று பௌர்ணமி. மலையைச் சுற்றும் கூட்டம் மத்தியானத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது. கதவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு ஓட்டினேன். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா நின்று, எட்டிப் பார்த்து, "என்ன செய்யறீங்க?" என்று கேட்டாள்.

"எங்கம்மா மிஷின். ஓட்டறேன்" என்றேன்.

அவள் வெறுங்கால் தூசியை வாசல்படியில் தட்டிவிட்டு உள்ளே வந்து பார்த்தாள்.