சிவப்பு நூல் கட்டிய கேன்

அக்டோபர் 3

கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. ஆறு பேர் மூன்று மாடி சுமந்து ஏற்றினார்கள். கடல்மீன் தொட்டியாம். நைரோபியில் இந்தக் குடியிருப்பில் வேறு யார் வீட்டிலும் இல்லையாம். மேடம் தூக்கி வந்தவர்களிடம்கூட என்னைக் காட்டி, "இவ கடற்கரைக்காரி. மீனோடயே வளந்தவ. இவ பாத்துப்பா" என்றார்.

என் ஊர் கன்ஸே, கடற்கரை மாவட்டம்தான், ஆனால் கடல் ரொம்பத் தள்ளி. அங்கே ஆடும் மக்காச்சோளமும்தான். கடலை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அதில் ஒரு தடவை பஸ் ஜன்னலில். வேலைக்குச் சேர்ந்த அன்று மேடம், "கடற்கரைப் பக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் எனக்கு எப்போது வாய் திறந்திருக்கிறது? ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டதும் இப்படித்தான் — யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 4

மீன் கடைக்காரர் ஒதுவோர் வந்து சொல்லிக்கொடுத்தார். உப்பைக் கரைத்து, கண்ணாடிக் குழாய் எந்தக் கோட்டில் மிதக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"நல்லாக் கேட்டுக்க தங்கச்சி. நாலு வாரம் மீனே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி மொதல்ல இதுல வளரணும். மீன் கழிக்கிற விஷத்த அதுங்கதான் தின்னும்."

அந்தப் பூச்சி வளர ஒரு இறாலைப் போட்டு அழுகவிட வேண்டுமாம். குடிக்கிற தண்ணீரில் கேனுக்கு ஒரு மூடி விடுகிறோமே, கிருமி மருந்து, அது இந்தப் பக்கமே வரக்கூடாது. "காலராவக் கொல்ற மருந்து இதையும் கொன்னுடும். மீனையும் கொன்னுடும்."

தொட்டிக்கு என்று ஒரு கேனை ஒதுக்கிச் சிவப்பு நூல் கட்டி வைத்தேன்.

அக்டோபர் 5

ஆகஸ்டில் எனக்குத் தம்பி பிறந்தான். இன்னும் பார்க்கவில்லை. கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகலாமா என்று கேட்க இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இன்று கேட்டேவிட்டேன்.

"மீன் உசுரோட இருந்தாப் போ. செத்துச்சுன்னா நீயும் இங்கயே கிட" என்றார் மேடம்.

அக்டோபர் 10

இறால் நாறத் தொடங்கியது. மேடம் எடுத்து வெளியே போடச் சொன்னார். ஒதுவோர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீமா — மேடத்தின் மகள், பன்னிரண்டு வயது — அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மதியம் என் உகாலிக் களித் தட்டில், கீரைக்கு அடியில் இருந்தது. கடித்த பிறகுதான் தெரிந்தது. நீமா தரையில் விழுந்து சிரித்தாள். மேடமும் சிரித்தார். "துப்பாதடி, உங்க ஊர்ச் சாப்பாடுதானே."

அக்டோபர் 18

நாலு வாரம் ஆகவில்லை. நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மேடம் மூன்று மீன் வாங்கி வந்துவிட்டார். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு, நீலம் ஒன்று. கூட வந்த ஒதுவோர், "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்கம்மா" என்று கெஞ்சினார்.

"உன் கடைக்கு வாடிக்கை நானா, மீனா?"

அக்டோபர் 19

மாதம் ஒருத்தி வீட்டில் கூடும் பெண்கள். இந்த மாதம் எங்கள் முறை. பதினோரு பேர்.

நீல மீன் காலையிலிருந்தே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "பாருங்கடி, நமக்கு வணக்கம் வெக்குது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் படம் எடுத்தார்கள். அது மூச்சுக்குத் தவிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சமோசாத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். கோழிக்கறி பரிமாறும்போது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

"கடற்கரைக்காரிய வீட்டுக்குள்ள விட்டிருக்கியே, அவங்க ஜின் பேய வளப்பாங்க, தெரியுமா? இவ பாத்த பார்வைலதான் போச்சு" என்றாள் இன்னொருத்தி.

"வளக்கட்டும். அந்த ஜின்னுக்கும் சேத்துப் பாத்திரம் போட்டுடுறேன் கழுவ" என்றார் மேடம்.

அவர்கள் போன பிறகு மேடம் என் காதைத் திருகினார். "இன்னும் ரெண்டு இருக்கு. உன் கிறிஸ்மஸும் அதுங்க கூடத்தான் நீந்துது."

அக்டோபர் 20

ஒதுவோர் தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்துச் சோதனை மருந்து விட்டார். விஷம் இல்லாவிட்டால் மஞ்சளாக இருக்குமாம். கரும்பச்சை.

"அதுங்க மூத்திரத்துலயே நீந்துதுங்க தங்கச்சி. தெனம் கால் தொட்டி மாத்து. வேற வழியில்ல."

கீழே ஆழ்குழாயில் பிடித்து மூன்று மாடி ஏற்ற வேண்டும். லிஃப்டில் கேன் ஏற்றக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது. வேலைக்காரிகளும் ஏறக் கூடாது.

அக்டோபர் 29

பச்சை. தோளில் கேன் இடித்த இடம் கன்றிவிட்டது.

நவம்பர் 6

வெளிர்பச்சை.

நவம்பர் 15

மஞ்சள்!

மூன்று தடவை பார்த்தேன். ஒதுவோர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, "முதல் தொட்டிலயே இப்படி ரெண்ட உசுரோட நிறுத்துனவங்கள நான் பாத்ததே கம்மி" என்றார். என்னைத்தான் சொன்னார்.

இரண்டில் சின்னது என்னை அறிந்துவிட்டது. தண்ணீரில் விரல் விட்டால் நகத்தின் ஓரத்தைக் கடிக்கும். வலிக்காது. கூச்சமாக இருக்கும். சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீமா எட்டிப் பார்த்து, "உனக்குச் சிரிக்கவெல்லாம் வருமா?" என்றாள்.

நவம்பர் 28

அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், இருபதாம் தேதி கிளம்புகிறேன் என்று. பின்னால் தம்பி அழுவது கேட்டது. போனைக் கீழே வைக்க மனமில்லை.

டிசம்பர் 6

கிறிஸ்மஸுக்குக் குடும்பத்தோடு வத்தாமு கடற்கரைக்குப் போகிறார்களாம். பத்து நாள். நான் இங்கே.

"மீனை யார் பாப்பா? உன்ன விட்டா யாருக்குத் தெரியும்? நல்லாத்தானே பாத்துக்கிட்ட."

வாய் திறந்தேன். நான்தான் திறந்தேன். "மீன் உசுரோட இருந்தாப் போகச் சொன்னீங்க மேடம்…"

"அதான் உசுரோட இருக்கே. அதனாலதான் நீ இங்க வேணும்." பிறகு சிரித்தபடி, "உங்க அம்மா வருஷத்துக்கு ஒண்ணு பெத்துப்பா, அடுத்ததப் பாத்துக்கலாம். இந்த மாதிரி ஜோடி மீன் கிடைக்குமா?"

நான் நல்லாப் பாத்துக்கிட்டேன்ல. அதான் தப்பு. அந்தக் கேனெல்லாம் எதுக்குத் தூக்குனேன்? யாருக்குத் தூக்குனேன்?

டிசம்பர் 7

வத்தாமு பஸ் எங்கள் ஊர்த் திருப்பத்தைத் தாண்டித்தான் போகும்.

டிசம்பர் 10

பக்கத்துப் பகுதியில் காலரா. மேடம் சமையலறை வாசலில் நின்று சொன்னார்: "வீட்டுல இருக்குற ஒரு கேன் விடாம மருந்து ஊத்தணும். ஒரு கேன் விடாம. உன் மண்டைக்குள்ள ஏறுதா?"

"ஏறுதுங்க மேடம்."

சிவப்பு நூல் கட்டிய கேன் அவர் காலடியில்தான் இருந்தது.

டிசம்பர் 11

எல்லாக் கேனுக்கும் ஒரு மூடி. சிவப்பு நூல் கேனுக்கு மூன்று.

டிசம்பர் 12

காலையில் கேனைச் சாய்த்தபோது சின்னது வழக்கம்போல் விரலைக் கடிக்க வந்தது. நான் கையை எடுக்கவில்லை. கேனை நிமிர்த்தவும் இல்லை.

மத்தியானத்துக்குள் இரண்டும் முடிந்தது. பெரியது சீக்கிரம் போனது. சின்னது நேரம் எடுத்துக்கொண்டது. பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கினேன்.

மேடம் கத்தினார். "கண்ணு வெச்சியா? ஜின்ன ஏவினியா? சொல்லுடி." அடிக்கக் கை ஓங்கினார். நான் தலை குனியவில்லை. இந்த வீட்டுக்கு வந்து இன்றுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது.

ஓங்கிய கை இறங்கியது. ஒரு அடி பின்னால் போனார்.

"நீமா, அவ பக்கத்துல போகாத" என்றார். என் பையைக் காவலாளிதான் எடுத்து வந்து படியில் வைத்தான். அவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 14

கன்ஸே. மழை இல்லை, ஆடுகள் இளைத்திருக்கின்றன.

அம்மா கேட்டாள், "அங்க என்ன வேலடி பாத்த?"

"மீன் வளத்தேன்."

"மீனா? உனக்கு மீனப் பத்தி என்ன தெரியும்? இப்ப அதுங்கள யாரு பாக்குறா?"

"செத்துப்போச்சு."

"அடப் பாவமே" என்று சொல்லி அம்மா தம்பியை என் மடியில் கிடத்தினாள்.

என்னைவிடக் கறுப்பு. நல்ல கனம். என் விரலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்து, பல் இல்லாத ஈறால் நகத்தின் ஓரத்தைக் கடித்தான்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.